தாயும் சேயும்: பிள்ளைக்குப் பால் சேரவில்லையா?



திருமறையின் இரண்டாம் அத்தியாயமாகிய அல்பகராவின் 233ஆம் வசனம் பாலூட்டலைப் பற்றிப் பேசுகிறது. நிறைவாகப் பாலூட்ட விரும்புவோருக்கு இரண்டு ஆண்டுகள் என்று அது காலம் வகுக்கிறது. பாலூட்டும் தாயின் உணவுக்கும் உடைக்கும் பிள்ளையின் தகப்பனைப் பொறுப்பாக்குகிறது. பிள்ளையின் பொருட்டுத் தாய் துன்பத்துக்கு ஆளாகலாகாது என்று எச்சரிக்கிறது. பால் மறக்கச் செய்வதானாலும் கணவனும் மனைவியும் கலந்து பேசி, மனம் ஒப்பிச் செய்யவேண்டும் என்கிறது. பிள்ளையின் பாலும் தாயின் சோறும் ஒரே வசனத்தில் இணைத்துச் சொல்லப்பட்டிருப்பது சிந்தனைக்குரியது.

ஆனால் நம் இல்லங்களில் கைப்பிள்ளை வீறிட்டு அழத் தொடங்கினால், முதலில் பறிபோவன இவ்விரண்டுமே. "நீ தின்றது பிள்ளைக்குச் சேரவில்லை" என்று தாயின் தட்டிலிருந்து பண்டங்கள் ஒவ்வொன்றாக அகற்றப்படுகின்றன. அதற்கும் அழுகை அடங்காவிட்டால், "உன் பாலே சேரவில்லை" என்று புட்டியும் பால்மாவும் வீட்டுக்குள் வந்துவிடுகின்றன. முதலாவது பெரும்பாலும் வேண்டாதது. இரண்டாவது பெரும்பாலும் தீங்கானது.

உணவு ஒவ்வாமை என்பது வெறும் கற்பனையன்று. சில பிள்ளைகளுக்கு அது மெய்யாகவே உண்டு. அதை அடையாளம் காண்பது எப்படி, பாலூட்டலை நிறுத்தாமலேயே அதைச் சீர் செய்வது எப்படி என்பதை இம்மாதம் பார்ப்போம்.

அழுகை எல்லாம் ஒவ்வாமையன்று

பிறந்த இரண்டாம் வாரமளவில் தொடங்கி, ஆறாம் வாரத்தில் உச்சத்தை எட்டி, மூன்று நான்கு மாதங்களில் தானே தணியும் அழுகை ஒன்று உண்டு. அந்தி சாய்ந்ததும் அது வலுக்கும். நாளொன்றுக்கு 3 மணி நேரத்துக்கு மேலாக, வாரத்தில் 3 நாட்களுக்கு மேலாக, 3 வாரங்களைக் கடந்தும் நீடிக்கும் அழுகைக்கு 1954ஆம் ஆண்டில் வெஸ்ஸல் என்னும் அமெரிக்க மருத்துவர் ஓர் அளவுகோல் வகுத்தார். இப்படி அழும் பிள்ளை நன்கு பால் குடித்து, எடையும் கூடி வருமானால், பெரும்பாலும் தாயின் உணவைக் குற்றம் சொல்ல இடமில்லை.

மலத்தைக் கண்டும் பலர் மருளுகிறார்கள். தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் பிள்ளை கடுகு மஞ்சள் நிறத்தில், விதை விதையாக, தளர்வாகப் போவது இயல்பு. முதல் வாரங்களில் நாளுக்கு ஏழெட்டு முறை போகும் பிள்ளை, ஒன்றரை மாதத்துக்குப் பின் சில நாட்களுக்கு ஒருமுறை போவதும் உண்டு. எப்போதோ ஒருமுறை பச்சையாகப் போனால் அஞ்சத் தேவையில்லை. குடித்தபின் சிறிது பால் கக்குவதும் பிணியன்று.

"வாய்வுப் பண்டம் தின்றால் பாலில் வாய்வு இறங்கும்" என்பார்கள். உருளைக்கிழங்கு, பலா, பருப்பு ஆகியவற்றால் வாய்வு உண்டாவது தாயின் பெருங்குடலில். அந்த வாய்வு அங்கிருந்து மார்புக்கு வந்து பாலில் கலப்பதில்லை. உணவின் மணமும் சுவையும் பாலில் இறங்கலாம். 1991இல் ஃபிலடெல்ஃபியா நகரில் நடந்த ஆய்வொன்றில், தாய்மார் பூண்டு உட்கொண்டபின் பாலின் மணம் மாறியது. ஆனால் பிள்ளைகள் வெறுக்காமல் கூடுதல் நேரம் மார்பில் இருந்து குடித்தன. பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டு வதக்கிக் கொடுக்கும் நம் மூத்த பெண்மணிகளின் வழக்கத்தைக் குறை கூறுவதற்கில்லை.

மெய்யான அடையாளங்கள்

தாயின் உணவிலுள்ள சில புரதங்கள் மிக நுண்ணிய அளவில் பாலுக்குள் வருவதுண்டு. அவற்றுள் முதலிடம் பசும்பாலின் புரதத்துக்கே. தாய் பசும்பாலை விலக்கியதும் சில பிள்ளைகளின் ஓயாத அழுகை தணிந்ததை ஸ்வீடன் நாட்டு மருத்துவர்களான ஜேகப்ஸனும் லிண்ட்பெர்க்கும் 1978இல் எடுத்துக்காட்டினர். ஆயினும் தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் பிள்ளைகளில் பசும்பால் ஒவ்வாமை உறுதி செய்யப்படுவது நூற்றில் ஒருவருக்கு மேற்படாது.

கவனிக்க வேண்டிய அடையாளங்கள் இவை: மலத்தில் இரத்த இழைகளும் கோழையும் கலந்து வருதல், கன்னம், கழுத்து, கைகால் மடிப்புகளில் கரப்பான் படர்ந்து ஆறாதிருத்தல், அடிக்கடி மிகுதியாக வாந்தி எடுத்தல், நீடித்த வயிற்றுப்போக்கு, எடை கூடாதிருத்தல், குடிக்கத் தொடங்கியதும் உடலை வளைத்து அலறிப் பாலை மறுத்தல். இவற்றுள் ஒன்றுக்கு மேற்பட்டவை சேர்ந்து வந்தால் ஐயம் வலுக்கும். வாப்பா, உம்மா இருவரில் எவருக்கேனும் இளைப்பு, கரப்பான் போன்றவை இருந்தால் மேலும் வலுக்கும்.

மலத்தில் இரத்தம் கண்டால் காரணத்தை வீட்டிலேயே முடிவு செய்யாமல் மருத்துவரிடம் காட்டவேண்டும். ஆசனவாயில் சிறு வெடிப்பு இருந்தாலும் இரத்தம் வரலாம். தாயின் மார்புக் காம்பில் வெடிப்பு இருந்து, அந்த இரத்தத்தைப் பிள்ளை விழுங்கியிருந்தால் மலம் கறுத்து வரலாம்.

ஒரு நாழிகையும் தாமதிக்கக் கூடாதவை உண்டு. முகமும் உதடும் வீங்குதல், மூச்சுத் திணறல், பச்சை நிற வாந்தி, சிவந்த கூழ் போன்ற மலத்துடன் விட்டு விட்டு அலறுதல், துவண்டு கிடத்தல், மூன்று மாதத்துக்குட்பட்ட பிள்ளைக்குக் காய்ச்சல் ஆகியவை தோன்றினால் உடனே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்ல வேண்டும்.

ஒரே பெயரில் இரண்டு பிணிகள்

"பால் சேரவில்லை" என்ற ஒரே சொல்லால் நாம் இரண்டு வேறு பிணிகளைக் குறிப்பிட்டுவிடுகிறோம். ஒன்று, மேலே சொன்ன பசும்பால் புரத ஒவ்வாமை. மற்றொன்று, லாக்டோஸ் எனப்படும் பால் சர்க்கரை செரியாமை.

100 மில்லி தாய்ப்பாலில் ஏறத்தாழ 7 கிராம் லாக்டோஸ் உண்டு. இது தாயின் மார்பிலேயே உருவாவது. தாய் பசும்பால் குடித்தாலும் குடிக்காவிட்டாலும் அதன் அளவு மாறாது. ஆகையால் லாக்டோஸுக்கு அஞ்சித் தாய் பாலையும் தயிரையும் விலக்குவதில் பயனில்லை. பிறவியிலேயே அதைச் செரிக்க இயலாத பிள்ளை மிக மிக அரிது. கடும் வயிற்றுப்போக்குக்குப் பின் குடல் புண்பட்டிருக்கும்போது சில நாட்கள் செரியாமை வரலாம். குடல் ஆறியதும் அதுவும் நீங்கும். அப்போதும் தாய்ப்பாலைத் தொடர்வதே முறை.

பால் மிகுதியாகச் சுரக்கும் தாய்மாரின் பிள்ளைகளுக்குச் சில வேளை நுரைத்த பச்சை மலமும் வயிற்று உப்புசமும் காணும். ஒரு மார்பில் பிள்ளை குடித்து முடித்துத் தானே விடும்வரை காத்திருந்து, பின்னர் மறு மார்பை மாற்றினால் பெரும்பாலும் சீராகிவிடும்.

தாயின் தட்டில் ஒரு சோதனை

ஐயம் வலுவாக இருந்தால், மருத்துவரின் ஆலோசனையுடன் தாய் செய்யவேண்டியது இதுவே. பாலும் பாலில் ஆன பொருட்களும் முழுவதையும் இரண்டு முதல் நான்கு வாரங்கள் விலக்கவேண்டும். பிள்ளையின் அழுகை, மலம், தோல் ஆகியவற்றை நாள்தோறும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வரவேண்டும். மலத்தில் இரத்தம் பல பிள்ளைகளுக்குச் சில நாட்களிலேயே நின்றுவிடும். கரப்பான் ஆற அதிக நாள் பிடிக்கும்.

அடுத்த படியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். குணம் தெரிந்தபின் தாய் மீண்டும் ஒரு வாரம் பால் அருந்திப் பார்க்கவேண்டும். அடையாளங்கள் திரும்பினால் ஒவ்வாமை உறுதி. திரும்பாவிட்டால், அழுகை காலத்தால் அடங்கியது என்று பொருள். தாய் எப்போதும் போல் உண்ணலாம். முன்பு வீக்கமோ மூச்சுத் திணறலோ கண்ட பிள்ளைக்கு மட்டும் இச்சோதனையை வீட்டில் செய்யலாகாது.

பாலை விலக்கியும் பயனில்லையென்றால், முட்டையையோ சோயாவையோ விலக்குவது பற்றி மருத்துவர் கூறுவார். ஒரு வேளையில் ஒரு பண்டம் என்பதே விதி. பத்துப் பண்டங்களை ஒன்றாக நிறுத்தினால், குற்றவாளி எது என்பது கடைசிவரை தெரியாது, தாய்தான் மெலிவாள்.

சமையற்கட்டில் கவனிக்க வேண்டியவை

பால், தயிர், மோர், வெண்ணெய், பால்கோவா, ஐஸ்கிரீம் ஆகியவை வெளிப்படை. மறைந்திருப்பவையும் உண்டு. பிரியாணிக்கு இறைச்சி ஊறவைக்கும் தயிர், கடல்பாசியில் ஊற்றும் பால், ரொட்டி, ரஸ்க், பிஸ்கட் ஆகியவற்றில் கலக்கும் பால்தூள் ஆகியன அவை. நெய்யில் புரதம் மிகச் சிறிதே எனினும் சோதனைக் காலத்தில் அதையும் தவிர்ப்பது நன்று. உறையிட்ட பண்டங்களில் பால் கலந்திருந்தால் அதை உறைமீது குறிப்பிட வேண்டும் என்று 2020ஆம் ஆண்டின் இந்திய விதிகள் கூறுகின்றன. படித்துப் பார்த்து வாங்குங்கள்.

ஆட்டுப்பாலும் எருமைப்பாலும் மாற்றாகா. அவற்றின் புரதம் பசும்பாலின் புரதத்தை மிகவும் ஒத்திருக்கிறது.

தேங்காய்ப்பால் இப்பட்டியலில் சேராது என்பது நம் சமையலுக்கு ஆறுதல். தேங்காய்ச் சோறு, நோன்புக் கஞ்சி, நெய் சேர்க்காத வட்டிலப்பம் ஆகியவற்றைத் தாய் தயங்காமல் உண்ணலாம். இறைச்சி, மீன், முட்டை, பருப்பு, கீரை எதையும் குறைக்க வேண்டாம். பாலூட்டும் தாய்க்கு நாளொன்றுக்குச் சுமார் 1,000 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து தேவை. 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் கிடைக்கும். எள்ளும், முள்ளோடு உண்ணும் நெத்திலியும் துணை நிற்கும். பால் விலக்கு நீடிக்குமானால் மாத்திரையும் தேவைப்படும், மருத்துவரைக் கேளுங்கள். ரமலானில் இந்நிலை நேர்ந்தால், பாலூட்டும் தாய்க்கு மார்க்கம் அளித்துள்ள சலுகையை ஆலிம்களிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளலாம்.

புட்டிக்கு மாறுவதன் விபரீதம்

கடையில் விற்கும் சாதாரணப் பால்மா எதிலிருந்து ஆக்கப்படுகிறது? பசும்பாலிலிருந்துதான்! பசும்பால் புரதம் ஒவ்வாத பிள்ளைக்குத் தாய்ப்பால் வழியே வருவது கடுகளவு. தாய்ப்பாலை நிறுத்திப் புட்டியைக் கொடுத்தால் அதே புரதத்தை நாளுக்கு ஏழெட்டு முறை நாமே ஊட்டுகிறோம். நோய்க்கு அஞ்சி நோயையே வாங்கிக் கொடுப்பது போன்றது இது. தாய்ப்பாலை அறவே நிறுத்தவேண்டிய பிறவி நோய்கள் மிகச் சில. அவற்றை மருத்துவரே சோதித்துச் சொல்ல வேண்டும்.

அழுகையை அடக்க விளக்கெண்ணெய், வசம்பு, சர்க்கரைத் தண்ணீர் புகட்டுவதும் வேண்டாம். தேன் ஷிஃபா என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஒரு வயது நிரம்பும்வரை பச்சிளம் குடலுக்கு அது ஆபத்தாகக்கூடும் என்பதால் பொறுத்திருங்கள்.

ஒவ்வாமை உறுதியான பிள்ளைக்கும் இது ஆயுள் முழுவதற்குமான விதியன்று. பெரும்பாலும் ஆறு மாதங்களேனும், அல்லது ஒன்பது முதல் பன்னிரண்டு மாத வயதுவரை விலக்கி, பின்னர் மருத்துவர் சொற்படி மெல்லத் திரும்பத் தொடங்கலாம். மூன்று வயதுக்குள் பெரும்பாலான பிள்ளைகள் பால் அருந்தப் பழகிவிடுகின்றன.

சகோதரர்களுக்கும் ஒரு சொல். இரவில் பிள்ளை அழும்போது "உன் வாய்க்கட்டுப்பாடு இல்லாமைதான் காரணம்" என்று மனைவியைக் கடிந்துரைப்பது எளிது. அழும் பிள்ளையைத் தோளில் சாய்த்துச் சற்று நேரம் நடந்து, அவளை ஒரு மணி நேரம் உறங்கவிடுவது நன்மையான செயல். மாமிமாரும் உம்மாமாரும் அவள் தட்டில் கூடுதலாக ஒரு துண்டு மீன் வையுங்கள். தாயின் வயிறு நிறைந்தால் பிள்ளையின் வயிறும் நிறையும், இன்ஷா அல்லாஹ்.