"திருச்சியில அப்புறம் என்ன சார் இருக்கு?"



போன வாரம் வெளிநாட்டிலிருந்து வந்த பழைய மாணவர் ஒருவர் கே.கே. நகர் வீட்டுக்கு வந்திருந்தார். காலையில் ஸ்ரீரங்கத்தில் பெருமாள் தரிசனம், பிறகு என்.எஸ்.பி. ரோட்டில் புடவை, மதியம் தஞ்சாவூர். "ராத்திரி தங்கிட்டுப் போயேன்ப்பா" என்றேன். தலைப்பில் இருப்பதுதான் அவர் சொன்ன பதில்.

அவர் மேல் கோபமில்லை. அவரை மைசூருக்கும் மாமல்லபுரத்துக்கும் பஸ் வைத்துக் கூட்டிப்போனவன் நான்தான். மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்த குகை மலைக்கோட்டைப் படியேறும் வழியிலேயே இருக்கிறது. உள்ளே கங்காதரர் சிற்பம். வகுப்பில் பாடமாக நடத்தினேன். ஒரு பிள்ளையையும் அழைத்துப்போய்க் காட்டவில்லை.

என் கருத்து இதுதான்: கோயில் தனி, கடை தனி, சாப்பாடு தனி என்று பிரித்தால் நம் ஊர் பிடிபடாது. ஸ்ரீரங்கத்தின் ஏழு பிராகாரங்களில் வெளி மூன்றில் வீடும் கடையும்தான். 236 அடி ராஜகோபுரம் தாண்டி (நான் சிறுவனாக இருந்தபோது அது மொட்டைக் கோபுரம்; 1987-ல்தான் முழுசானது) சித்திரை வீதியில் பூவும் குங்குமமும் வாங்குகிறவர், கோயிலுக்குள் நின்றுதான் வாங்குகிறார். காரில் வந்து சன்னதி வாசலில் இறங்கி, அதே காரில் திரும்புகிறவருக்கு இது எப்படித் தெரியும்? நடந்து வந்தால் உத்திர வீதித் திண்ணையும் கண்ணில் படும், டிகிரி காபி வாசனையும் மூக்கில் ஏறும். அந்தச் சின்னக் கடைக்காரர்களுக்கும் நாலு காசு கிடைக்கும். அவர்களை நம்பித்தானே வீதி உயிரோடு இருக்கிறது?

சாயங்காலம் தெப்பக்குளத்துக்கு வாருங்கள். ஒரு பக்கம் மலைக்கோட்டை, ஒரு பக்கம் லூர்து மாதா கோயிலின் கூரான கோபுரம். பெரிய கடை வீதியில் நெய் மணக்கும். மெயின்கார்டு கேட்டில் மைக்கேல் ஐஸ்கிரீம். நின்றபடியே சாப்பிட்டால்தான் ருசி என்பது என் மூடநம்பிக்கை.

நெரிசல், வெயில், வண்டி நிறுத்த இடமில்லை என்பீர்கள். உண்மைதான். தீபாவளிக்கு முந்தைய வாரம் என்.எஸ்.பி. ரோட்டுக்கு வராதீர்கள், நானே போகமாட்டேன். வைகுண்ட ஏகாதசி சமயத்தில் பெருமாளுக்காக மட்டும் வாருங்கள். மற்ற நாட்களில் சத்திரம் பஸ் நிலையத்திலிருந்து ஒன்றாம் நம்பர் பஸ் ஏறினால் ஸ்ரீரங்கம். காரே வேண்டாம்.

அந்த மாணவர் தை மாதம் பிள்ளைகளோடு மறுபடி வருகிறாராம். இரண்டு நாள் தங்கச் சொல்லியிருக்கிறேன். மலை அடிவாரத்தில், வீடுகளுக்கு நடுவே இருக்கும் பாண்டியர் காலக் கீழ்க்குகை வரை நானும் கூட வருவேன். அதற்கு மேல் 400 படிக்கு என் முழங்கால் ஒத்துக்கொள்ளாது. பிள்ளைகள் ஏறி இறங்கும் வரை கீழே உட்கார்ந்திருப்பேன். வேறு யார் வருவதாக இருந்தாலும் முதல் நாளே ஒரு போன் போடுங்கள்.