தண்ணீரை நிறுத்தாதீங்க!

2022 ஜூலையில் எங்கள் காரைக்காலில் காலரா பரவி, பொது சுகாதார அவசரநிலை அறிவித்தார்களே, ஞாபகமிருக்கிறதா? "பேதியாகுற குழந்தைக்குத் தண்ணி கொடுக்காதே" என்று பக்கத்து வீட்டுப் பாட்டி சொன்னதும் எனக்குத் திக்கென்றது.

காலராக் கிருமி வெளியிடும் நச்சுதான் குடலிலிருந்து நீரைக் கொட்டவைக்கிறது என்று கல்கத்தா டாக்டர் சம்புநாத் டே 1959-ல் 'நேச்சர்' இதழில் எழுதினார். சில வருஷங்கள் அதை அதிகம் பேர் கண்டுகொள்ளவில்லை. பிறகோ, காலராவைப் பற்றி எழுதுகிறவர்கள் எடுத்துக்காட்டும் கட்டுரையாகிவிட்டது! 1985-ல் காலமானார், நோபல் கிடைக்கவில்லை.

உயிரைப் பறிப்பது அந்த நீரிழப்புதான், சகோதரிகளே. ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இல்லையென்றால், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் தலைதட்டி 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலந்து ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்க. தாய்ப்பாலும் தொடரட்டும். கண் குழிந்தால், சிறுநீர் குறைந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க!