பழையது பின்னடைவல்ல

டிடிஆர்4 ராமுக்குத் திரும்புவது தொழில்நுட்பப் பின்னடைவு என்று எழுதியிருக்கிறார் நண்பர். ஏற்க முடியவில்லை. புதிய டிடிஆர்5 ராமுக்குத் தட்டுப்பாடு வந்ததால்தான் பலர் பழையதைத் தேடுகிறார்கள்; அந்தத் தட்டுப்பாட்டை உண்டாக்கியவர்கள் வாங்குபவர்கள் அல்லர். செயற்கை நுண்ணறிவுக்கான எச்பிஎம் நினைவகம், அதே கொள்ளளவுள்ள டிடிஆர்5-ஐவிட ஏறக்குறைய மூன்று மடங்கு சிலிக்கானை விழுங்குகிறது. நினைவகம் தயாரிக்கும் சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் மூன்றும் லாபம் கொழிக்கும் அந்தப் பக்கமே சாய்ந்தன. சாதாரண மக்களுக்கு விற்றுவந்த குருஷியல் வணிகத்தையே கைவிடுவதாக 2025 டிசம்பரில் மைக்ரான் அறிவித்தது.

டிடிஆர்4-இன் விலையும் ஏறியிருக்கிறது, உண்மைதான். ஆனால் டிடிஆர்5 வாங்கினால் மதர்போர்டையும் மாற்ற வேண்டும். ராமின் அடிவிளிம்பில் வெட்டு இருக்கும் இடம் வேறு என்பதால் பழைய ஸ்லாட்டில் அது நுழையவே நுழையாது. இருக்கும் ராமின் முனைகளை ரப்பரால் தேய்த்துத் துடைத்து, பக்கத்தில் இன்னொரு 8 ஜிபி செருகினால் கடைக்கணக்கும் பிள்ளையின் பாடமும் தடையின்றி நடக்கும். ஓடுகிற கணினியைக் குப்பையில் போடாதீர்கள்.