ஒரு போத்தல் ஒயிலும் எஞ்சினின் அளவும்



2014 ஆம் ஆண்டு மண்முனைப் பாலம் திறக்கப்படும் வரை, படுவான்கரையிலிருந்து அவ்வழியாக இக்கரைக்கு வருவதென்றால் பாதைக்குக் காத்து நிற்க வேண்டும். இன்று அதே இடத்தால் தயிர் முட்டி கட்டிக்கொண்டும், தைத்த உடுப்புப் பொதியோடும், பிள்ளையை முன்னுக்கு வைத்துக்கொண்டும் பெண்கள் மோட்டார் சைக்கிளில் போகிறார்கள். இவர்களில் பலர் குடும்பத்தைத் தனியே தாங்குபவர்கள். வாகனத்தின் தவணைக்காசு முடிந்திருக்காது. எஞ்சின் பழுதானாலும் லீசிங்காரர் மாத முடிவில் வருவார். ஆகவே இம்முறை சட்டம், விண்ணப்பப் படிவம் எல்லாவற்றையும் ஒரு பக்கம் வைத்துவிட்டு ஒயிலைப் பற்றிக் கதைப்போம்.

கேள்வி ஒரு கூட்டம் முடிந்து எழும்பும்போது வந்தது. தயிர் விற்கும் சகோதரி ஒருவர் கேட்டார்: "மிஸ், ஒயில் மாத்தினா என்ட ஸ்கூட்டி புகைக்குது. கராஜ் தம்பி முழுப் போத்தலும் ஊத்தினவர். கூடக் கிடந்தா நல்லந்தானே?"

நல்லதல்ல. கறிக்கு எண்ணெய் கூடினால் மேலே மிதக்கும், வடித்து எடுக்கலாம். எஞ்சினில் அப்படியில்லை. அடியில் கிடக்கும் ஒயிலின் மட்டம் உயர்ந்தால், சுழலும் தண்டு அதிலே அடித்து, முட்டை அடித்தது போல் நுரையாக்கிவிடும். நுரையில் பாதி காற்று. அது இரும்புக்கும் இரும்புக்கும் இடையில் நின்று காக்காது. உள்ளே அமுக்கம் கூடி, காற்றுப் போகும் குழாயால் ஒயில் எயார் ஃபில்டருக்குள் போகும், அங்கிருந்து எரிந்து புகையாக வரும். சீல்களாலும் கசியும். ஸ்கூட்டியாக இருந்தால் கசிந்தது பெல்ற் பக்கம் போய்ச் சேர்ந்து அதையும் வழுக்க வைக்கும். குறைந்தால் வேறு கேடு. பம்ப் காற்றை உறிஞ்சத் தொடங்கும், ஒயில் கடைசியாகப் போய்ச் சேரும் மேல்பகுதி முதலில் தேயும், சூடு ஏறி ஒருநாள் பிஸ்டன் இறுகி வழியிலேயே நிற்கும். இரண்டிலும் குறைவுதான் கெதியாகக் கொல்லும். அதற்காகக் கூட ஊற்றுவது வைத்தியமல்ல.

சரி, எவ்வளவு? நம்மவர்கள் ஓடும் 100, 110 சிசி வாகனங்களுக்குப் பெரும்பாலும் 700 மில்லிலீற்றருக்கும் 1 லீற்றருக்கும் இடையில்தான். கடையில் வாங்கும் போத்தலோ பல வேளை 1 லீற்றர். பிழை இங்கேதான் தொடங்குகிறது. போத்தலின் அளவை எஞ்சினின் அளவாக எடுத்துக்கொள்கிறோம். கைநூலைப் பார்த்தால் இரண்டு இலக்கங்கள் இருக்கும். ஒன்று பழைய ஒயிலை வடித்து மாற்றும்போது ஊற்றும் அளவு, மற்றது எஞ்சினை முழுதாகக் கழற்றிப் பூட்டும்போது ஊற்றும் அளவு. எவ்வளவு வடித்தாலும் மூலை முடுக்கில் கொஞ்சம் தங்கிவிடும் என்பதால் முதலாவது, 100 அல்லது 200 மில்லிலீற்றர் குறைவாக இருக்கும். நமக்கு வேண்டியது அந்தக் குறைந்த இலக்கம். இரண்டாம் கையாக வாங்கிய வாகனத்துக்குக் கைநூல் எங்கே என்று கேட்பீர்கள். சில எஞ்சின்களில் ஒயில் மூடிக்குக் கிட்ட அளவு பொறித்திருக்கும். இல்லாவிட்டால் அதே வகை வாகனத்தை விற்கும் முகவரிடம் கேளுங்கள், சொல்வார்கள்.

இலக்கம் தெரிந்தாலும் கடைசித் தீர்ப்பு ஒயில் பார்க்கும் கம்பியிடம்தான். வாகனத்தை மட்டமான தரையில் இரட்டை ஸ்டாண்டில் நிறுத்துங்கள். சரிந்து நின்றால் கம்பி பொய் சொல்லும். கொஞ்ச நேரம் ஓடவிட்டு எஞ்சின் சூடேறியதும் அடி நட்டைக் கழற்றினால் பழையது இளகி நன்றாக வடியும். கை சுடும், கவனம். பத்து நிமிடமாவது வடியவிட்டு, வாஷரைத் துடைத்து அல்லது புதிதாகப் போட்டு நட்டைப் பூட்டுங்கள். அது அலுமினியத்தில் ஏறும் மரை, பலம் காட்டி இறுக்கினால் மரை போய்விடும். பிறகு சொன்ன அளவில் முக்கால் பங்கை ஊற்றுங்கள். அளக்க ஒன்றுமில்லையே என்றால், பிள்ளை குடித்து விட்ட பழைய பால் போத்தலில் மில்லிலீற்றர்க் கோடு இருக்கிறது. (அதைப் பிறகு பிள்ளைக்குக் கொடுக்கக் கூடாது என்று சொல்லத் தேவையில்லை.) எஞ்சினை இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, அதே அளவு நேரம் பொறுத்து, கம்பியைத் துடைத்து விட்டுப் பாருங்கள். பல வாகனங்களில் கம்பியைத் திருகாமல் வாயில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். சிலவற்றில் திருக வேண்டும். கைநூல் சொல்வதே சரி. கீழ்க் கோட்டுக்கும் மேல்க் கோட்டுக்கும் இடையில் எங்கே நின்றாலும் போதும். குறைந்தால் சிறிது சிறிதாக விடுங்கள். கூடிவிட்டால் ஊசி மருந்துச் சிரிஞ்சில் சேலைன் குழாயைப் பூட்டி உறிஞ்சி எடுக்கலாம்.

மிச்சமாகும் 200 மில்லிலீற்றரைக் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டு வாருங்கள். அது உங்கள் காசு. கேட்டால் கராஜில் ஒரு சிரிப்புச் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். பெண்ணுக்கு எஞ்சின் விளங்காது என்ற எண்ணத்தில் எத்தனை பேருடைய பணம் கரைகிறது என்பது எனக்குத் தெரியும். "எத்தனை மில்லி ஊத்தினீங்க தம்பி?" என்ற ஒரு கேள்வியோடு கதையின் தோரணை மாறுவதையும் கண்டிருக்கிறேன்.

கியர் மோட்டார் சைக்கிள் வைத்திருப்போர் கார் ஒயிலை ஊற்ற வேண்டாம். அங்கே கிளச்சும் அதே ஒயிலில்தான் கிடக்கிறது, வழுக்கும். ஸ்கூட்டியில் பின் சில்லுப் பக்கம் வேறாக ஒரு கியர் ஒயில் உண்டு, ஏறத்தாழ 100 மில்லிலீற்றர். அதைப் பலர் வருடக்கணக்கில் மறந்துவிடுகிறார்கள்.

ஊற்றாமலே மட்டம் கூடினால்? மூத்தவர்களுக்கு இது தெரியும். 1990களின் பொருளாதாரத் தடையின்போது யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடினார்கள். எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் வளையங்களால் கீழே இறங்கி ஒயிலோடு கலக்கும். மட்டம் உயரும், ஒயில் தண்ணீராக இளகும். 2022 இல் கியூஆர் அட்டைக்குக் கிழமைக்கு 4 லீற்றர் பெற்றோல் என்றிருந்த நாட்களில் கலப்படம் பற்றிய பயம் திரும்பவும் வந்தது. கம்பியை மணந்து பாருங்கள். எரிபொருள் மணத்தால் ஒயிலை மாற்றிவிட்டு, காரணத்தையும் தேட வேண்டும்.

மட்டம் கூடி, நிறமும் பால் தேத்தண்ணி போல் இருந்தால் அது வெள்ளத் தண்ணீர். 2011 ஜனவரி வெள்ளத்தை நாம் மறக்கவில்லை. மாரி வந்தால் படுவான்கரை வீதிகள் இன்றும் தாழ்கின்றன. நீரில் மூழ்கிய வாகனத்தை உடனே ஸ்டார்ட் பண்ண வேண்டாம். ஒயிலை வடித்து, புதியது விட்டு, சிறிது ஓடவிட்டு, அதையும் வடித்து மீண்டும் மாற்றுங்கள். இரண்டு போத்தல் செலவுதான். எஞ்சின் வேலையோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமில்லை.

வடித்த கறுப்பு ஒயிலை வாவியிலோ வளவிலோ ஊற்றாதீர்கள். நமது மணல் நிலத்தில் கிணறு ஆழமில்லை, ஊற்றியது குடிதண்ணீருக்கு வரும். மூடியுள்ள கானில் சேர்த்து, கராஜில் பீப்பாய் வைத்திருந்தால் அங்கே கொடுங்கள். கறையான் பிடிக்காமல் வேலிக் கட்டைக்குப் பூசுகிறவர்கள் கிணற்றடிக் கட்டையையாவது விட்டுவிடுங்கள். பழைய ஒயில் தோலுக்குக் கூடாது. சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவிவிட்டுப் பிள்ளையைத் தூக்குங்கள்.