உடனிருப்பதும் மருந்தே

பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகில் இருந்த ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் நான் மூன்றாம் ஆண்டு படித்துக் கொண்டிருந்த காலம் அது. இன்று பெஸ்தாரி ஜெயா என்று அழைக்கப்படும் அவ்வூரைச் சுற்றி அப்போது ரப்பர் மரங்களும் செம்பனையும் அடர்ந்து நின்றன. என் வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். பாடம் தொடங்கிப் பத்து நிமிடம்கூட அவனால் நாற்காலியில் அமர்ந்திருக்க இயலாது. எழுந்து சன்னலுக்கு ஓடுவான். பக்கத்து மாணவனின் பென்சிலைத் தட்டிவிடுவான். ஆசிரியர் கேள்வியை முடிக்கும் முன்பே விடையைக் கத்துவான். பள்ளியிலும் அடி, வீட்டிலும் அடி. 'வாலு', 'அடங்காப்பிடாரி' என்பவையே ஊரார் அவனுக்கு வைத்த பெயர்கள். ஆறாம் ஆண்டோடு அவன் படிப்பு நின்றது.

தோட்டத்தில் ஒரே ஒருவரின் பேச்சுக்குத்தான் அவன் கட்டுப்பட்டான். அவர் ஆயாக் கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட பாட்டி. பள்ளி முடிந்ததும் அவன் அங்கேதான் இருப்பான். பாட்டி அவனிடம் ஒரு நேரத்தில் ஒரு வேலையைத்தான் சொல்வார். "அந்த வாளிய எடுத்தா சாமி" என்பார். எடுத்து வந்ததும் "என் ராசா" என்று முதுகைத் தட்டிக்கொடுப்பார். அதன் பிறகே அடுத்த வேலை. சற்று நேரம் ஓடவிட்டு, பிறகு அருகில் உட்கார வைத்துக்கொள்வார். எழுதப் படிக்கத் தெரியாத அந்தப் பாட்டி செய்ததைத்தான் பல ஆண்டுகள் கழித்துக் கல்வியியல் மேற்படிப்பில் 'நடத்தைப் பயிற்சி' என்ற தலைப்பில் நான் படித்தேன்.

அம்மாணவனுக்கு ஏடிஎச்டி எனப்படும் கவனக்குறைவு மிகைஇயக்கக் குறைபாடு இருந்திருக்கலாம் என்று இப்போது எண்ணுகிறேன். இக்குறைபாடு உள்ள சிறாருக்குக் கவனத்தை ஒரே இடத்தில் நிறுத்துவதும், காத்திருப்பதும், அசையாமல் அமர்வதும் கடினம். மதியிறுக்கம் என்றும் ஆட்டிசம் என்றும் சொல்லப்படுவது வேறொன்று. 1943-ஆம் ஆண்டு லியோ கானர் என்ற மருத்துவர் 11 சிறாரைப் பற்றி எழுதிய கட்டுரையின் வழி அது மருத்துவ உலகின் கவனத்திற்கு வந்தது. பிறருடன் பேசிப் பழகுவதில் இடர்ப்பாடு, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்தல், ஒலி, ஒளி, தொடுதல் ஆகியவற்றை மிகையாகவோ குறைவாகவோ உணர்தல் ஆகியவை அதன் அடையாளங்கள். சிலருக்கு இரண்டும் சேர்ந்தே இருப்பதுண்டு. இவை வளர்ப்பின் குற்றமும் அல்ல, பிள்ளையின் திமிரும் அல்ல. மூளை வளரும் விதத்தில் உள்ள வேறுபாடுகளே காரணம்.

இதற்குச் சான்று உண்டு. 2007-ஆம் ஆண்டு அமெரிக்காவின் தேசிய மனநலக் கழக ஆய்வாளர்கள் ஏடிஎச்டி உள்ள 223 சிறாரின் மூளைப் படங்களை, அக்குறைபாடு இல்லாத 223 சிறாரின் படங்களோடு ஒப்பிட்டனர். மூளையின் மேலுறை முழுத் தடிப்பை அடையும் வயது பிற சிறாரிடம் ஏறத்தாழ ஏழரை. ஏடிஎச்டி உள்ளவர்களிடம் பத்தரை. வளர்ச்சியின் வரிசை ஒன்றுதான். மூன்றாண்டுத் தாமதம் மட்டுமே வேறுபாடு. கவனத்தையும் தன்னடக்கத்தையும் ஆளும் முன்மூளைப் பகுதியில் இத்தாமதம் மிகத் தெளிவாகத் தெரிந்தது. பத்து வயதுப் பிள்ளை ஏழு வயதுப் பிள்ளையைப் போல் துள்ளினால், அடித்துத் திருத்த முனைவதில் என்ன பொருள் இருக்கிறது?

'மூளை' என்ற இச்சொல்லே இன்று விளம்பரங்களிலும் ஒலிக்கிறது. "மருந்தே வேண்டாம், மூளைக்கு நேரடிப் பயிற்சி கொடுத்துச் சரிசெய்கிறோம்" என்னும் வாக்குறுதியைப் பெற்றோர் கைப்பேசியில் காண்கின்றனர். மருந்து என்றாலே அவர்களுக்கு அச்சம். பிள்ளை மந்தமாகிவிடுமோ, பசி குறைந்துவிடுமோ, வாழ்நாள் முழுவதும் மாத்திரை விழுங்க நேருமோ என்று கவலைப்படுகின்றனர். அக்கவலையை நான் குறை கூறவில்லை. ஆயினும், தாலிச் சங்கிலியை அடகு வைத்து இத்தகைய பயிற்சிக்குப் பணம் கட்டிய தாய் ஒருவரை நான் சந்தித்தபோது, இது குறித்து வெளிப்படையாகப் பேசவேண்டும் என்று தோன்றியது.

இப்பயிற்சிகளுள் அதிகம் பேசப்படுவது நியூரோஃபீட்பேக். பிள்ளையின் தலையில் மின்னுணரிகளைப் பொருத்தி, மூளை அலைகளைக் கணினியில் பதிவு செய்வர். அலைகள் வேண்டிய வகையில் மாறும்போது திரையில் விளையாட்டு நகரும். கேட்பதற்கு அழகான கருத்துதான். இதைச் சோதிக்க அமெரிக்காவில் ஏடிஎச்டி உள்ள 144 சிறாரை இரு பிரிவாகப் பிரித்து ஆய்வு ஒன்று நடத்தப்பட்டது. ஒரு பிரிவினருக்கு உண்மையான பயிற்சி. மறு பிரிவினரின் திரையை முன்பே பதிவு செய்யப்பட்ட வேறொரு பிள்ளையின் அலைகள் இயக்கின. யாருக்கு எது என்பது பெற்றோருக்கும் தெரியாது, ஆசிரியருக்கும் தெரியாது. 2020-ஆம் ஆண்டு வெளியான முடிவு வியப்பளித்தது. இரு பிரிவினரிடமும் முன்னேற்றம் காணப்பட்டது. ஆனால் இரண்டுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

அப்படியென்றால் முன்னேற்றம் எங்கிருந்து வந்தது? வாரந்தோறும் ஒரு பெரியவர் பிள்ளையின் அருகில் பொறுமையாக அமர்ந்தார். சிறு வெற்றிக்கும் பாராட்டு கிடைத்தது. பெற்றோர் நம்பிக்கையோடு இருந்தனர். மாற்றத்திற்கு இவையே காரணமாக இருந்திருக்கலாம் என்பது என் கருத்து. இவற்றைப் பெறச் சங்கிலியை அடகு வைக்க வேண்டியதில்லை.

மறுபக்கத்தையும் நேர்மையாகக் கூறவேண்டும். மருந்தை முற்றாக ஒதுக்குவதும் தவறு. ஏடிஎச்டி உள்ள 579 சிறாரை வைத்து நடத்தப்பட்ட பெரிய ஆய்வின் முடிவுகள் 1999-இல் வெளிவந்தன. 14 மாதக் காலத்தில், கவனக்குறைவையும் துடிப்பையும் குறைப்பதில் நன்கு கண்காணிக்கப்பட்ட மருந்து, நடத்தைப் பயிற்சியை மட்டும் பெற்றதைவிடச் சிறந்த பலன் தந்தது. இரண்டையும் சேர்த்துப் பெற்றவர்களுக்குக் குறைந்த அளவு மருந்தே போதுமானதாக இருந்தது. ஆனால் மூன்று ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது பிரிவுகளுக்கிடையே இருந்த வேறுபாடு மறைந்துவிட்டது. ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு முதலில் பெற்றோர் வழி நடத்தைப் பயிற்சியைத் தரவேண்டும் என்பதே அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்தின் வழிகாட்டல். ஆட்டிசத்தின் அடிப்படை இடர்ப்பாடுகளை நீக்கும் மருந்தோ இதுவரை இல்லை. கடுஞ்சினம், தூக்கமின்மை போன்ற சில துன்பங்களைத் தணிக்கவே மருத்துவர்கள் மருந்து தருகின்றனர். எனவே, மருந்து தேவையா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். மருந்து இருந்தாலும் இல்லாவிட்டாலும் பிள்ளைக்குத் தேவைப்படும் மற்றொன்று உண்டு. அது நம் கையில் இருக்கிறது.

திருக்குறளின் 'மருந்து' அதிகாரத்தை நீங்கள் படித்திருப்பீர்கள். மருத்துவத்துக்கு நான்கு கூறுகள் உண்டு என்கிறார் வள்ளுவர். நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிலிருந்து மருந்தைக் கொடுப்பவர் ஆகியோரே அந்நால்வகை. மருந்து வேண்டுமா வேண்டாமா என்று வாதிடும் நாம் மூன்றாம் கூறைப் பற்றியே பேசுகிறோம். நான்காம் கூறை மறந்துவிடுகிறோம்.

உடனிருப்பவர் செய்ய வேண்டியவை எளியவை. காலையில் எழுவது முதல் இரவு உறங்குவது வரை செய்யவேண்டியவற்றைப் படங்களாக வரைந்து சுவரில் ஒட்டலாம். ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு அடுத்து என்ன என்பது தெரிந்தால் பதற்றம் குறையும். நீண்ட கட்டளையைத் துண்டு துண்டாகப் பிரித்துச் சொல்லலாம். தவற்றைக் கண்டிப்பதைவிட நல்லதைக் கண்டவுடன் பாராட்டலாம். வகுப்பில் முன்வரிசையில் இடம் தரலாம். கரும்பலகையைத் துடைப்பது, புத்தகங்களை எடுத்துக் கொடுப்பது போன்ற வேலைகளைத் தந்து நடமாட வாய்ப்பளிக்கலாம். இவையும் மூளைக்கான பயிற்சிகளே. நாள்தோறும் திரும்பத் திரும்பச் செய்யப்படும் செயல்தான் வளரும் மூளையில் பழக்கமாகப் பதிகிறது.

"நகரத்தில் வல்லுநர்கள் இருக்கிறார்கள், நம் பக்கம் யார் இருக்கிறார்கள்?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. கோல சிலாங்கூர், ஈஜோக், ஜெரம், புக்கிட் ரோத்தான், சபாக் பெர்ணம் ஆகிய இடங்களைச் சேர்ந்த குடும்பங்கள் பேச்சுப் பயிற்சியாளரையோ சிறார் மனநல மருத்துவரையோ காணப் பெரும்பாலும் நெடுந்தூரம் செல்ல வேண்டியிருக்கிறது. கோல சிலாங்கூரிலிருந்து கிள்ளானுக்கு 40 கிலோமீட்டருக்கு மேல். விடியற்காலைப் பெரட்டுக்கோ தொழிற்சாலை வேனுக்கோ ஓடும் பெற்றோர், வாரம் ஒரு நாள் விடுப்பு எடுத்தால் அன்றைய கூலி போய்விடும். பிள்ளைகள் நிறைந்த வகுப்பில் ஆசிரியரும் ஒருவரையே கவனித்துக் கொண்டிருக்க முடியாது. பெற்றோரிடம் பொறுப்பை மட்டும் ஒப்படைத்துவிட்டு உதவியைத் தராமல் இருப்பது அறமாகாது.

ஆனால் இதற்கும் வழி உண்டு. வல்லுநர் இல்லாத இடத்திலும் பயிற்சியைக் கொண்டு செல்லலாம் என்பதை நம் நாடே 1984-இல் காட்டியது. அவ்வாண்டு திரெங்கானு மாநிலத்தின் பத்து ராக்கிட் பகுதியில் சமூகம்சார் மறுவாழ்வுத் திட்டம் தொடங்கப்பட்டது. உள்ளூர் மக்களே பயிற்சி பெற்று உடற்குறையுள்ள பிள்ளைகளுக்கு உதவினர். பின்னர் அத்திட்டம் நாடெங்கும் பரவியது. இந்தியாவின் கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் ஆட்டிசம் உள்ள 65 சிறாரை வைத்து நடத்தப்பட்ட ஆய்வு 2016-இல் வெளியானது. அங்கு பெற்றோருக்கு வழிகாட்டியவர்கள் மருத்துவர்கள் அல்லர். பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள். பெற்றோர் பிள்ளையின் சைகையைக் கவனித்து ஏற்றவாறு பதிலளிக்கக் கற்றனர். பிள்ளைகளும் தாமாகவே அவர்களோடு தொடர்புகொள்ளத் தொடங்கியது கூடியது. கோவாவில் முடிந்தது கோல சிலாங்கூரில் முடியாதா?

ஆகவே, மூன்று செயல்களை நான் வலியுறுத்துகிறேன். முதலாவது, காலம் தாழ்த்தாமை. "வளர வளரச் சரியாகிவிடும்" என்னும் ஆறுதல் பல பிள்ளைகளின் பொன்னான ஆண்டுகளை விழுங்கியிருக்கிறது. குழந்தைக்கு 18 மாதம் ஆகும்போது அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் பெற்றோரிடம் ஒரு வினாப்பட்டியல் தரப்படும். பெயர் சொல்லி அழைத்தால் குழந்தை திரும்பிப் பார்க்கிறதா, விரலால் பொருளைச் சுட்டுகிறதா போன்ற வினாக்கள் அதில் இருக்கும். அதை நிதானமாகப் படித்து உள்ளதை உள்ளபடி நிரப்ப வேண்டும். பிள்ளை பள்ளி செல்லும் வயதை அடைந்தால், 2019 முதல் நடைமுறையில் உள்ள, எந்த மாணவரையும் மறுக்காத கொள்கையின்படி பள்ளியில் இடம் கேட்கும் உரிமை பெற்றோருக்கு உண்டு. அதைக் கேட்பதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை.

இரண்டாவது, உதவி ஊர் தேடி வரவேண்டும். மாதம் ஒரு முறையேனும் பேச்சுப் பயிற்சியாளர் தோட்டப்புறப் பள்ளிகளுக்கு வருகை தரும் ஏற்பாடு தேவை. நம் ஆயாக் கொட்டகை அனுபவம் உள்ள பெண்கள், ஆசிரியர்கள், கோயில் மண்டபத்தில் கூடும் இளைஞர்கள் ஆகியோருக்குப் பெற்றோர் பயிற்சி முறைகளைக் கற்றுத்தரலாம்.

மூன்றாவது, அப்பயிற்சி தமிழிலும் நடைபெற வேண்டும். "பிள்ளைக்குக் குழப்பம் வேண்டாம், ஒரே மொழியில் பேசுங்கள்" என்று கூறி வீட்டுமொழியைக் கைவிடச் சொல்வோர் உண்டு. இரு மொழிச் சூழலில் வளரும் ஆட்டிசச் சிறாரை ஆராய்ந்தவர்கள், அதனால் மொழி வளர்ச்சி கூடுதலாகத் தாமதமாவதைக் காணவில்லை. தாத்தாவும் பாட்டியும் பேசும் மொழியைப் பிள்ளையிடமிருந்து பறித்தால், அவனோடு பேசக்கூடியவர்களின் எண்ணிக்கைதான் குறையும். பேசவே திணறும் பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய இழப்பு!

மாணவர்களே, உங்கள் வகுப்பிலும் இத்தகைய நண்பர் ஒருவர் இருக்கக்கூடும். காதைப் பொத்திக்கொள்ளும் மாணவியைக் கண்டு சிரிக்காதீர்கள்; சத்தத்தைக் குறையுங்கள். விளையாட்டின் விதி புரியாமல் நிற்பவனுக்கு ஒருமுறை செய்து காட்டுங்கள். பாடம் தவறவிட்டவனுக்கு உங்கள் குறிப்பேட்டைக் கொடுங்கள். இதற்கு மருத்துவப் பட்டம் தேவையில்லை.

என் பழைய வகுப்புத் தோழன் இப்போது லாரி ஓட்டுகிறான். ஒருநாள் ஜெரம் கடைத்தெருவில் அவனைச் சந்தித்தேன். பள்ளி நாட்களைப் பற்றி நான் பேச்செடுத்தபோது அவன் முகம் வாடியது. ஆயாக் கொட்டகைப் பாட்டியைப் பற்றிக் கேட்டேன். "அவங்க மட்டும் என்னைத் திட்டினதே இல்ல" என்றான். பள்ளியில் அப்படி ஒருவர் இருந்திருந்தால் அவன் ஆறாம் ஆண்டைத் தாண்டியிருப்பான் என்றே நான் நம்புகிறேன். இன்று பள்ளியில் இருக்கும் பிள்ளைகளுக்காவது அந்த ஒருவர் கிடைக்கட்டும்.