நான்கு ஆண்டில் ஹவில்தார் உருவாவாரா?

விடியுமுன் ஆம்பூர், பேரணாம்பட்டு, குடியாத்தம் பக்கத்துச் சாலைகளில் ஓடிப் பழகும் பிள்ளைகளை நாம் தினமும் பார்க்கிறோம். அப்பா தோல் பதனிடும் தொழிற்சாலையில், அம்மா ஷூ கம்பெனியில். பிள்ளைக்கு ராணுவக் கனவு. நம் தெருக்களில் ராணுவ வேலை என்பது தேசப்பற்று மட்டுமல்ல. பென்ஷன், மாடி வீடு, ஊர்த் தெருவில் நிமிர்ந்து நடக்கும் துணிச்சல் எல்லாம் அதில் இருந்தது.

2022 ஜூன் 14-ல் டெல்லி அறிவித்த அக்னிபத் திட்டம் அந்த ஏணியை வெட்டியது. நான்கு ஆண்டுப் பணி. முதல் ஆண்டு மாதம் 30,000 ரூபாய், நான்காம் ஆண்டு 40,000. முடிவில் சுமார் 11.71 லட்சம். பென்ஷன் இல்லை, முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் இல்லை. நூறு பேரில் அதிகபட்சம் 25 பேருக்கே நிரந்தரப் பணி. படையின் சராசரி வயதைக் குறைக்கவே இது என்றது அரசு. மலை முகட்டில் காவல் நிற்க இளைஞர் தேவைதான், மறுக்கவில்லை.

ஆனால் பத்துப் பேர் கொண்ட ஒரு செக்‌ஷனை நடத்துபவர் ஹவில்தார். அவர் நான்கு ஆண்டில் உருவாகிவிடுவதில்லை. நால்வரில் ஒருவனுக்குத்தான் இடம் என்றால், பக்கத்துக் கட்டிலில் படுத்திருப்பவன் தோழனா, போட்டியாளனா? "இது சரியில்லை, சார்" என்று மேலதிகாரியிடம் சொல்லும் துணிவு யாருக்கு வரும்? மதிப்பெண் போடுவது அந்த மேலதிகாரிகள்தானே. சாதிப் பார்வை உள்ள ஒருவர் கையில் அந்தப் பேனா இருந்தால், சேரிப் பிள்ளை எங்கே போய் முறையிடுவான்?

தொலைவில் இருந்து வரும் உத்தரவு படையின் மனத்தை எப்படி உடைக்கும் என்பதை வேலூர்க் கோட்டை கண்டிருக்கிறது. மெட்ராஸ் படையின் தலைமைத் தளபதி கிரடாக் புதிய தலைப்பாகையைத் திணித்தார். நெற்றிக்குறி கூடாது, தாடி கூடாது என்றார்கள். மறுத்தவர்களுக்குக் கசையடி. 1806 ஜூலை 10 அதிகாலையில் சிப்பாய்கள் எழுந்தார்கள். பிற்பாடு கிரடாக்கையும் கவர்னர் பெண்டிங்கையும் லண்டன் திருப்பி அழைத்துக்கொண்டது. (அந்தத் தலைப்பாகையின் தோல் சின்னத்தைச் சிப்பாய்கள் வெறுத்தார்கள் என்று படிக்கிறோம். தோலைப் பதனிட்ட கைகளைப் பற்றி எந்தப் பாடத்திலும் படித்ததில்லை.)

நமக்கு இன்னும் நெருக்கமான கதை ஒன்று உண்டு. மெட்ராஸ் சாப்பர்ஸ் படையில் பறையர் சமூகத்தவர் பலர் பணிபுரிந்தார்கள். 1885 முதல் 1893 வரை இந்தியாவின் தலைமைத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ், சில சாதிகளே போருக்குப் பிறந்தவை என்று நம்பியவர். தென்னாட்டார் லாயக்கில்லை என்று அவர் முடிவுகட்ட, மெட்ராஸ் காலாட்படை சுருங்கியது. மேற்கே மகர்களுக்கும் 1890-களில் கதவு மூடப்பட்டது. அம்பேத்கரின் தந்தை ராம்ஜி சுபேதாராக இருந்த படை அது! முதல் உலகப் போரில் ஆள் தேவைப்பட்டபோது திறந்தார்கள், முடிந்ததும் மூடினார்கள். மகர் ரெஜிமெண்ட் 1941-ல்தான் வந்தது. வடக்கே, தோலோடு சேர்த்தே பெயர் சொல்லப்படும் சமார் மக்களுக்கு 1943-ல் ஒரு ரெஜிமெண்ட் தந்து, 1946-ல் கலைத்தார்கள்.

ராணுவ ஆள்சேர்ப்பில் நமக்கு இடஒதுக்கீடு கிடையாது. ஆனால் சாதிச் சான்றிதழ் மட்டும் கேட்கிறார்கள். 2022 ஜூலையில் இது சர்ச்சையானபோது, பழைய நடைமுறைதான் என்று பதில் வந்தது. வாங்கி வைத்திருக்கும் தாளை எண்ணிச் சொல்வதில் என்ன தடை? 2023 தொடக்கத்தில் பயிற்சிக்குப் போன முதல் அணியில் பட்டியல் சாதியினர் எத்தனை பேர்? நிரந்தரமாக வைத்துக்கொள்ளப்படும் கால் பங்கில் எத்தனை பேர்? வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்ட எம்.பி.க்கள் இதை நாடாளுமன்றத்தில் எழுத்துப்பூர்வமாகக் கேட்க வேண்டும். கல்லூரி மாணவர்கள் அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. தகவல் உரிமைச் சட்ட மனுவுக்குக் கட்டணம் பத்து ரூபாய்தான்.