பெயருக்கு இவ்வளவு விலையா?

நெல்லூர் என்றாலே எல்லோரும் கடற்கரைப் பக்கம் இருக்கும் பெரிய நெல்லூரைத்தான் நினைப்பார்கள். எங்கள் ஊர் சித்தூர் பக்கம் இருக்கும் கங்காதர நெல்லூர். காலேஜ் நாட்களில் யாராவது "ஓ, நெல்லூரா!" என்று வியந்தால் திருத்தாமல் சும்மா இருந்திருக்கிறேன். அடுத்தவன் பெயரில் கிடைக்கும் மரியாதை எப்படி இனிக்கும் என்று எனக்கும் தெரியும். அந்த அனுபவத்தில்தான் இதை எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். என் அக்கா மகள் இங்கே அமெரிக்காவில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் சட்டம் முதல் வருடம் முடித்திருக்கிறாள். பாதிக்கு மேல் ஸ்காலர்ஷிப். வகுப்பில் முதல் பத்துப் பேருக்குள் வந்தாள். உடனே ஆரம்பித்துவிட்டார்கள். "இந்த மார்க்குக்கு டாப் 14 காலேஜ்ல ட்ரான்ஸ்ஃபர் கிடைக்குமே, ஏன் சும்மா இருக்கீங்க?" வீட்டுக்குச் சாப்பிட வருகிறவர்கள் எல்லாரும் இதே பாட்டு. பணம் கட்டப் போவது அவர்கள் இல்லையே!

நான் பி.காம். வங்கியில் கடன் கொடுக்கிற வேலை. சட்டம் தெரியாது, கணக்கு தெரியும்.

பெரிய பெயர் வாங்கிய தனியார் சட்டக் கல்லூரிகளில் படிப்புக் கட்டணம் மட்டுமே வருடத்துக்கு 70,000 டாலரைத் தாண்டுகிறது. நடுவில் மாறி வருகிறவர்களுக்கு மார்க்கைப் பார்த்து ஸ்காலர்ஷிப் கொடுப்பது அபூர்வம். இரண்டு வருடத்துக்கு 1,40,000. வாடகை, சாப்பாடு தனி. 2026 ஜூலை 1 முதல் சட்டம் படிக்கப் புதிதாகக் கடன் வாங்குகிறவர்களுக்கு மத்திய அரசு கொடுப்பது வருடத்துக்கு 50,000 டாலர்தான். மிச்சத்துக்குத் தனியார் கடன். அதற்கு அப்பா அம்மா கையெழுத்து. ஏதோ சாட்சிக் கையெழுத்து என்று நினைத்துப் போடுகிறார்கள். பிள்ளை கட்டாவிட்டால் வங்கி உங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டும். நான் தட்டியிருக்கிறேன்.

சரி, இதற்கு என்ன கிடைக்கிறது? பெரிய நிறுவனங்கள் பார்ப்பது முதல் வருட மார்க்கை. அது பழைய கல்லூரியில் வாங்கியது. ஆள் எடுப்பதும் இப்போது முதல் வருடம் முடிந்த கையோடு, பல இடங்களில் அதற்கும் முன்பே நடந்துவிடுகிறது. ட்ரான்ஸ்ஃபர் முடிவு கைக்கு வருவதற்குள் பாதி பந்தி முடிந்திருக்கும். கூடவே வகுப்பில் வாங்கிய ரேங்க், தெரிந்த பேராசிரியர்கள் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் புது இடத்தில் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

"சுப்ரீம் கோர்ட்டைப் பாருங்க சார்" என்பார்கள். பார்த்தேன். 2020ல் ஆமி கோனி பாரெட் நாட்டர் டேமிலிருந்து வந்தபோது மற்ற 8 பேரும் ஹார்வர்ட் அல்லது யேல். ஒப்புக்கொள்கிறேன். பேராசிரியர் ஆகவோ, பெரிய நீதிபதிகளிடம் கிளார்க் ஆகவோ ஆசைப்பட்டால் பெயர் உதவும். நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அந்த ஆசை? கேட்டீர்களா?

ரூத் பேடர் கின்ஸ்பர்க்கும் மாறினார். 1958ல், ஹார்வர்டை விட்டுக் கொலம்பியாவுக்கு. கணவருக்கு நியூயார்க்கில் வேலை, கையில் குழந்தை. குடும்பத்துக்காக மாறினார், பெயருக்காக இல்லை. நம்ம சியாமளா கோபாலனின் மகள் கமலா ஹாரிஸ் எங்கே படித்தார்? சான் பிரான்சிஸ்கோவில் ஹேஸ்டிங்ஸ் சட்டக் கல்லூரி, 1989. டாப் 14 இல்லை. 2010ல் கலிபோர்னியா அட்டர்னி ஜெனரல் தேர்தலில் ஜெயித்தார், 2021ல் துணை ஜனாதிபதி. அந்தக் கல்லூரியின் பெயரே 2023ல் மாறிவிட்டது, அது வேறு கதை :-)

"மாமா, அம்மா கையெழுத்துப் போடட்டுமா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். அக்கா இரண்டு வாரமாக என்னோடு பேசவில்லை.

மாறவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஸ்காலர்ஷிப் போய்விட்டதா, குடும்பம் வேறு ஊருக்குப் போகிறதா, மாறட்டும். இல்லையென்றால் முதலில் இப்போதைய கல்லூரியில் போய் "இந்த மார்க்குக்கு இன்னும் கொஞ்சம் உதவி கிடைக்குமா" என்று கேளுங்கள். அடுத்த வங்கியின் வட்டியைக் காட்டி எங்களிடம் பேரம் பேசுகிறவர்கள்தானே நீங்கள்? இங்கே மட்டும் என்ன கூச்சம்?

ஊரில் அம்மாவிடம் போனில் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றுதான் கேட்டாள்: "பாப்பா கோர்ட்டுல பயப்படாம பேசுவாளாடா?"

சித்தூர் கோர்ட்டில் எங்கள் நிலத்து வழக்குக்கு அலைந்தவள். ஒரு வக்கீலிடமும் எந்தக் கல்லூரி என்று அவள் கேட்டதில்லை.